காசுக்குள் ஒரு கடியாரம்

கோவைச் சரவணம்பட்டியின் சத்தி ரோட்டில், கம்ப்யூட்டர் அலுவலகங்களை நோக்கிக் காலையில் விரையும் இளைஞர்களின் மணிக்கட்டுகளில் விதவிதமான கடியாரங்களைக் காணலாம். ஆயினும், ரோமச் சக்கரவர்த்தி ஒருவரின் சிரம் பொறித்த உண்மையான பழங்காசையே மூடியாகக் கொண்ட கைக்கடியாரமும் உலகில் உண்டென்றால், அதை வெறும் ஆடம்பரமென்று ஒதுக்கிவிடாமல் சற்று நின்று பார்க்கக் கொங்கு நாட்டாருக்கு விசேஷக் காரணம் இருக்கிறது. நொய்யல் பாயும் வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டிலேயே 522 ரோம வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளுடையவை.

‘தினாரியஸ்’ எனப்பட்ட அந்தக் காசு ஏறத்தாழ நம் பழைய நாலணாவின் அகலமே உடையது. கீழச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தே அதை ஆக்கினார்கள். ஆதலால் ஒன்றில் தலை ஓரமாக ஒதுங்கியிருக்கும், மற்றொன்றில் விளிம்பு வெடித்திருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இராது.

கடியாரத் தச்சனுக்கு இதுவே சங்கடம். கோரம் என்னும் சுவிஸ் நிறுவனத்தார் 1964-இல் அமெரிக்க இருபது டாலர்ப் பொற்காசைக் குறுக்கே பிளந்து, நடுவே மெல்லிய யந்திரத்தை வைத்தார்கள். அபூர்வமான ரோமக் காசை அவ்வாறு பிளக்க மனம் வருமா? முள்ளுக்காக நடுவில் துளையிட்டாலோ, சக்கரவர்த்தியின் கன்னம் போய்விடும்! எனவே இத்தாலியின் புல்காரி நிறுவனத்தார், அந்தந்தக் காசின் கோணலுக்கேற்பத் தங்க வளையம் அமைத்து, காசைத் திறந்து மூடும் கதவாக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ‘பிக்கோலிசிமோ’ யந்திரத்தின் அகலம் 12.3 மில்லிமீட்டர், கனம் 2.5 மில்லிமீட்டர், எடை 1.3 கிராம். சாவி கொடுத்ததும் முறுகிய சுருள்வில் பற்சக்கரங்களை உந்துகிறது. இப்படியும் அப்படியும் ஆடும் சிறு சக்கரமொன்று அந்த வேகத்தைப் பல் பல்லாக அளந்து விடுகிறது.

காசுமாலை அணியும் நம்மவருக்குக் காசை அணிவது புதிதன்று. இந்நாட்டில் கிடைத்த ரோமக் காசுகள் சிலவற்றிலும் கோப்பதற்கென்று இட்ட துளைகள் உண்டு. ஆனால் யந்திரம் சேருமுன்பே காசு ஒரு கடியாரந்தான். டைபீரியஸ் பட்டமேறியது கி.பி. 14-இல், சக்கரவர்த்தியாக அவன் வெளியிட்ட காசு ஒரு மண்ணடுக்கில் கலையாமல் கிடந்தால், அவ்வடுக்கு அதற்கு முற்பட்டதன்று என்பது திண்ணம். மண்ணிலிருந்து தனியே பெயர்த்தெடுத்தாலோ, அந்தச் சாட்சியம் அழிந்துவிடும். ஏர்முனையில் தட்டுப்படும் புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பதன் பயனை, சாவி கொடுக்க இயலாத இந்தக் கடியாரத்தை எண்ணினால் நன்குணரலாம்.