பனிக்காலத்துத் தேவாலய மணம்

இங்கிலாந்து தேசத்தில் விவாகத்திற்கு உரியது வேனிற் பருவமே என்பது பெரும்பாலார் கருத்து. பூவற்ற நாளிற் பூவை வரவழைத்தும், குளிர்ந்த கற்கோயிலை எரிபொருளாற் சூடேற்றியும் நிகழ்த்துவதாதலின், பனிக்காலத்து மணம் இயற்கைக்கு ஊறு மிக்கதென்பர். அக்கூற்று முற்றும் பொருந்துமோ எனச் சிறிது ஆராய்வாம்.

மேனாட்டுத் திருச்சபையில் திருவருகைக் காலத்து மணம் பண்டு விலக்கப்பட்டிருந்தது. நம் நாட்டார் மார்கழியை விலக்குதல் ஈண்டு ஒப்பிடற்பாலது. 1563இல் திரெந்து சங்கம் அவ்விலக்கை ஜனவரி 6 வரைக்கும் உறுதிசெய்தது. விலக்கு நீங்கியபின் மணப்போர்க்கு, கிறிஸ்து பிறப்பிற்கென ஆலயத்திற் கட்டிய ஹாலி, ஐவி முதலிய வாடாத் தழைகளே அலங்காரமாயமைதல் கூடும். பிப்ரவரி 2 வரை அவற்றைக் களையாது வைத்தல் பல ஊர்களின் வழக்கு.

ஆயினும் மணமகளிர் பலர் ரோஜாவையே விழைவர். கென்யாவினின்று விமானத்தில் வருவது தீது, அண்டையிலுள்ள ஹாலந்தினின்று வருவது நன்று என நமக்குத் தோன்றும். 2007இல் கிரான்ஃபீல்டு சர்வகலாசாலையார் கணக்கிட்டதோ வேறு. ஹாலந்தின் கண்ணாடி மனைகளைச் சூடேற்றும் எரிபொருளால், கரியமில வாயு அங்கேயே பன்மடங்கு மிகுந்திருந்தது! ஆகவே தூரம் ஒன்றே அளவுகோலன்று. இனி, பூக்களைக் குத்தி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டியோ பிளாஸ்டிக் இனத்தது. மண்ணில் எளிதில் மக்காது, துகளாய் உதிர்ந்து நீரிற் கலப்பது. அரச தோட்டக்கலைச் சங்கத்தார் 2021 முதல் தம் கண்காட்சிகளில் அதனை விலக்கினர். பாசியும் கம்பிவலையும் அவ்வேலையைச் செவ்வனே செய்யும்.

நிற்க, பெருஞ்செலவு பூவிலன்று, கணப்பிலேயே உளது. உயர்ந்த கூரையுடைய பழங்கோயிலில் வெப்பக்காற்று மேலேறிவிட, கீழிருப்போர் நடுங்குவர். அரைமணி நேர ஆராதனைக்குப் பன்மணி நேரம் முன்னரே கணப்பை மூட்டவேண்டும். 2030க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியீட்டை ஒழிப்பதென இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கம் 2020இல் தீர்மானித்தது. எனவே கட்டடத்தைக் காய்ச்சாது, இருக்கையினடியில் மின்கணப்பு வைத்து மாந்தரைக் காய்ச்சுமாறு அறிவுறுத்துகின்றனர். முதியோரைக் குளிரில் இருத்துதல் அன்பாகாது. ஆயின் கையில்லாச் சட்டையணிந்த மணமகளின்பொருட்டுக் கோயில் முழுதும் காய்தல் வேண்டுமோ? கம்பளிப் போர்வை ஒன்று போதாதோ?

விக்டோரியா மகாராணியார் மணந்ததும் பனிக்காலமே: 1840 பிப்ரவரி 10. அன்று அவர் அணிந்த முக்காடு, டெவன்ஷயர்ப் பெண்டிர் கையாற் பின்னிய ஹானிட்டன் இழைப்பின்னலாலாயது. நாட்டில் அவரினும் செல்வர் அரியர். எனினும் அப்பின்னலைப் பெட்டியில் மூடிவையாது, பின்னரும் பல விசேஷ நாட்களில் அணிந்துவந்தார்.