இருமடங்கு தூரம், நான்கு மடங்கு சரிவு
(குறியும் கணக்கும் – 9)

2024 ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவர் சுட்ட இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். குண்டின் விட்டமே 5.6 மில்லிமீட்டர். ஆளைப் பற்றிப் போன வாரமே பேசிவிட்டோம். இந்த வாரம் தோட்டாவைப் பார்ப்போம்.

இப்போட்டியில் பயன்படுவது பாயின்ட் 22 லாங் ரைபிள் தோட்டா. போட்டித் தரத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 343 மீட்டர். வேண்டுமென்றே ஒலிக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறார்கள். இதே அளவில் 380 மீட்டர் வேகத் தோட்டாவும் கடையில் உண்டு. ஆனால் அது போகிற வழியில், ஏறக்குறைய ஐம்பது மீட்டரில், ஒலியின் வேகத்துக்கும் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது காற்று அதை உலுக்குகிறது. அந்த வேகத்தில் காற்றுத்தடை மிக அதிகம் என்பதால், பக்கக் காற்றிலும் வேகமான குண்டே கூடுதலாக ஒதுங்குகிறது. புதிதாகச் சுட வருபவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை.

இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற தயாரிப்பாளர்கள் வீரர்களுக்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கிறார்கள். வீரர் தன் ரைபிளைக் கொண்டுபோனால், கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை இரும்புத் தாங்கியில் இறுக்குவார்கள். பிறகு லாட் லாட்டாக, அதாவது ஒன்றாகத் தயாரான தொகுதி தொகுதியாக, சுட்டுப் பார்ப்பார்கள். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டிதான். லாட் எண் மாறினால் துளைகளின் கூட்டமும் மாறும். ஒரு குழலுக்குப் பிடித்த லாட் பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. பிடித்தது கிடைத்தால் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள்.

ஐம்பது மீட்டரில் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கிய லாட், நூறு மீட்டரில் 20 மில்லிமீட்டருக்குள் அடங்குமா? பெரும்பாலும் அடங்காது. குண்டு ஐம்பது மீட்டரைக் கடக்கும் நேரத்தில் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. நூறு மீட்டருக்குள் ஏறத்தாழ அரை மீட்டர் விழுந்துவிடும். ஒரே லாட்டில் வேகமான தோட்டாவுக்கும் மெதுவான தோட்டாவுக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். ஐம்பதில் அதனால் வரும் மேல்கீழ் விலகல் 7 மில்லிமீட்டர் போல இருக்கும். நூறில் அதுவே 3 சென்டிமீட்டர். தூரம் இருமடங்கானால் விலகல் நான்கு மடங்குக்கும் மேல். வேக வித்தியாசத்தால் பக்கவாட்டில் இந்தப் பெருக்கம் வராது. அதனால் நூறு மீட்டர் அட்டையில் துளைகள் நெட்டுக்குத்தாக நீண்டிருந்தால், முதலில் தோட்டாவின் வேகச் சீரின்மையைச் சந்தேகிக்கலாம். ஐம்பது மீட்டர் அட்டை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சுடும்போது குழலின் முனை மேலும் கீழும் துடிக்கிறது. முனை மேலெழும் நொடியில் குண்டு வெளியேறினால், தாமதமாக வரும் மெதுவான குண்டு சற்று உயரமாகக் கிளம்பும். கூடுதலாக விழ வேண்டிய அது, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வேகமான குண்டோடு சேர்ந்துவிடும். பழைய லீ என்ஃபீல்ட் ரைபிள்கள் அருகில் சுமாராகவும் தொலைவில் நன்றாகவும் சுட்டதற்குச் சொல்லப்படும் காரணம் இதுவே. இன்று மேசையில் தாங்கிவைத்துச் சுடும் போட்டிக்காரர்கள் குழல் முனையில் சிறு எடையை மாட்டி, அந்தத் தூரத்தைத் தங்கள் இலக்குக்கே கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஐம்பதுக்குச் சரிசெய்த எடை நூறுக்கு ஒத்துவராது. மறுபடி திருகி, மறுபடி சுட வேண்டியதுதான்.

குளிர் இன்னொரு தொல்லை. பனிச்சறுக்கோடு சுடும் பயத்லானிலும் இதே தோட்டாதான், இதே 50 மீட்டர்தான். மைனஸ் 20 டிகிரியில் ஒலியின் வேகம் 319 மீட்டராகக் குறைகிறது; கூடத்தில் ஒலிக்குக் கீழே இருந்த குண்டு இங்கே அதைத் தாண்டிவிடக்கூடும். குளிரில் வெடிமருந்தின் வீரியமும் குறையும். எந்த அளவுக்கு என்பது லாட்டைப் பொறுத்தது. ஆகவே அந்த வீரர்கள் வெதுவெதுப்பான கூடத்தில் கிடைத்த முடிவோடு நிறுத்திக்கொள்வதில்லை. தேர்ந்த லாட்டைப் பனியிலும் ஒருமுறை சுட்டுப் பார்க்கிறார்கள்.