நிறுத்தி வைத்த காரில் கேமரா: எந்த இடத்திற்கு எந்த செட்டிங்?

வணிகர்களாகிய நம்முடைய கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். விடியற்காலையில் கொள்முதலுக்குப் போய் வந்தால் பகல் முழுவதும் கடை வாசலில் நிற்கும். இரவு கடை அடைத்த பிறகு வீட்டு வாசலில் நிற்கும். ஆள் இல்லாமல் அப்படி நிற்கும்போதுதான் யாரோ இடித்துவிட்டுப் போகிறார்கள், கண்ணாடியை உடைக்கிறார்கள், பின்சீட்டில் வைத்த சரக்கில் கை வைக்கிறார்கள்.

இதற்காகவே டேஷ்கேம் என்னும் வண்டி கேமராவை நம்மில் பலர் வாங்கிப் பொருத்தியிருக்கிறோம். ஆனால் கேமரா பொருத்தியிருப்பது வேறு, நிற்கும் வண்டியில் அது பதிவு செய்வது வேறு. இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு ஏற்ற செட்டிங்கோடுதான் கடையிலிருந்து வருகின்றன. நிற்கும் நேரத்துக்கான செட்டிங்கை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: என் வண்டி எங்கே, எத்தனை மணி நேரம் நிற்கிறது?

முதலில் மின்சாரம்

கேமராவை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருந்தால், பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் அதற்கு மின்சாரம் நின்றுவிடும். கேமராவுக்குள் இருக்கும் சிறு பேட்டரி சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஆகவே இரவு முழுதும் பதிவாகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும். இரவிலும் பதிவாக வேண்டுமானால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி இணைப்பு கொடுக்கும் ‘ஹார்டுவயர் கிட்’ தேவை. இதில் மூன்று ஒயர்கள் இருக்கும். ஒன்று எப்போதும் மின்சாரம் வரும் இடத்துக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் வரும் இடத்துக்கு, மூன்றாவது எர்த். இரண்டாவது ஒயரை வைத்துத்தான் வண்டி நின்றுவிட்டது என்பதைக் கேமரா தெரிந்துகொண்டு பார்க்கிங் பதிவுக்கு மாறும். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுங்கள். காரின் ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலேயே இணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கவலை காரின் பேட்டரி. இரவு முழுதும் படம் எடுத்துவிட்டு, விடியற்காலை 4 மணிக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் புறப்படும்போது வண்டி கிளம்பவில்லை என்றால் யாருக்கு லாபம்? கணக்கு எளிது. சிறிய காரின் பேட்டரி ஏறக்குறைய 35 ஆம்பியர்-மணி. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 ஆம்பியர்-மணி வரை கேமராவுக்கு ஒதுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 3 வாட் இழுக்கும் கேமரா மணிக்குக் கால் ஆம்பியர் எடுக்கும். 48 மணி நேரம் ஓடும். முன்னும் பின்னும் படம் எடுக்கும் இரட்டைக் கேமரா 5 வாட் இழுத்தால் 28 மணி நேரத்தோடு சரி.

இது நன்றாக சார்ஜ் ஏறிய புதுப் பேட்டரிக்கு உரிய கணக்கு. வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், முதல் நாள் இரவு இறங்கிய சார்ஜ் மறுநாள் முழுதாக ஏறாது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிடும். வில்லியனூருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்காரர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இதற்குக் காவல், கிட்டில் உள்ள ‘கட்-ஆஃப்’ வோல்டேஜ். பேட்டரி அந்த அளவுக்கு இறங்கியதும் கேமரா தானாக நின்றுவிடும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பேட்டரி வாங்கி இரண்டு ஆண்டு கடந்திருந்தால் 12.2 அல்லது 12.4 வைப்பது நல்லது. புதிதானால் 12.0 வைக்கலாம். 11.8 என்பதை நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாம். பெரிய லாரிகளில் பேட்டரி 24 வோல்ட். அவற்றுக்கு இந்த எண்கள் இரட்டிப்பாகும். கிட்டும் 24 வோல்ட்டுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

பதிவு முறைகள் நான்கு

தொடர் பதிவு: ஓடும்போது எடுப்பது போலவே எடுத்துக்கொண்டிருக்கும். எதுவும் விட்டுப்போகாது. ஆனால் மின்சாரமும் மெமரி கார்டும் அதிகம் செலவாகும். 1080பி என்னும் அளவில் ஒரு கேமராவுக்கு மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டில் சுமார் 9 மணி நேரம் கொள்ளும். இரட்டைக் கேமராவானால் நாலரை மணி. கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியது எழுதப்படும். இரவு 10 மணிக்கு நடந்ததை மறுநாள் மதியம் தேடினால் இருக்காது.

டைம்லாப்ஸ்: நொடிக்கு ஒரு படம் மட்டும் எடுத்துக் கோர்த்து வைக்கும். 10 மணி நேரத்துக்கு 36,000 படங்கள். ஓட்டிப் பார்த்தால் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கார்டு மிச்சம், தேடுவதும் சுலபம். குறை என்னவென்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டர் கடந்துவிடும். அது ஒன்றிரண்டு படங்களில்தான் விழும். நம்பர் தெரிவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒலியும் இராது.

அசைவுப் பதிவு: முன்னால் ஏதாவது அசைந்தால் மட்டும் எடுக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு நல்லது. கடைத்தெருவில் இதை வைத்தால், போவோர் வருவோர் எல்லாருக்கும் பதிவு தொடங்கி, தொடர் பதிவைப் போலவே ஆகிவிடும்.

அதிர்வுப் பதிவு: வண்டி குலுங்கினால் மட்டும் விழித்துக்கொள்ளும். மின்சாரச் செலவு மிகக் குறைவு. ஆனால் மலிவான கேமராக்கள் விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நொடி எடுக்கும். அதற்குள் இடித்த வண்டி நகர்ந்திருக்கும். இடிப்பதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்து வைக்கும் ‘பஃபர்’ வசதி உள்ளதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வசதி உள்ள கேமரா எந்நேரமும் விழித்திருப்பதால் மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

இடத்துக்கு ஏற்ற தேர்வு

பெரிய மார்க்கெட் பக்கமோ, தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ கொள்முதல் முடியும்வரை இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தும்போது தொடர் பதிவே சிறந்தது. நேரம் குறைவு, பேட்டரிக்குப் பாரமில்லை. நெரிசலில் உரசிச் செல்லும் வண்டியின் நம்பர் கிடைக்க இதுவே வழி.

பகலில் விழுப்புரம் சாலையிலோ கடைத்தெருவிலோ கடை வாசலில் நிற்கும் வண்டிக்கு, பஃபர் உள்ள அதிர்வுப் பதிவு போதும். வெயிலில் பூட்டிய காரின் உள்ளே, அதுவும் முன்கண்ணாடி அருகே, வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா இதில் உப்பிப் போகும். ‘சூப்பர் கெபாசிட்டர்’ உள்ளதே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. அக்னி நட்சத்திர நாட்களில் நிழல் கிடைக்காவிட்டால் பகல் பதிவை நிறுத்தி வைப்பது கேமராவுக்கு நல்லது.

இரவில் தெருவோரம் நிற்கும் வண்டிக்கு டைம்லாப்ஸோடு அதிர்வுப் பதிவையும் சேர்த்து வைக்கலாம். பல கேமராக்களில் இரண்டும் சேர்ந்து இயங்கும். குலுக்கம் ஏற்பட்டதும் முழு வேகப் பதிவுக்கு மாறிக்கொள்ளும். காம்பவுண்டுக்குள் நிற்கும் வண்டிக்கு அசைவுப் பதிவு போதும்.

இரண்டு மூன்று நாள் வெளியூர் போகிறீர்கள் என்றால் அதிர்வுப் பதிவு மட்டும் வைத்து, கட்-ஆஃபை 12.4-க்கு உயர்த்திவிட்டுப் போங்கள்.

திருக்காமீஸ்வரர் கோயில் தேர், மாதா கோயில் திருவிழா நாட்களில் கூட்டம் உரசியே அதிர்வுப் பதிவு ஓயாமல் தூண்டப்படும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் அப்படியே. அதிர்வால் எடுத்த பதிவுகளை அழியாமல் பூட்டி வைப்பது கேமராவின் வழக்கம். பூட்டிய பதிவுகளே கார்டை நிறைத்துவிட்டால் தேவையானது பதிவாக இடமிருக்காது. இந்த நாட்களில் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். குட்டி யானையில் மூட்டை ஏற்றி இறக்கும்போதும் இதே தொல்லை உண்டு. அந்த நேரம் பார்க்கிங் பதிவை நிறுத்திவிடலாம்.

உணர்திறனைச் சரிபார்க்க ஒரு சோதனை: கதவைச் சாதாரணமாகச் சாத்தினால் பதிவு தொடங்கக் கூடாது, பம்பரைக் கையால் ஓங்கித் தட்டினால் தொடங்க வேண்டும். இரண்டும் சரியாக அமையும்வரை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

மற்ற செட்டிங்குகள்

படத்தின் அளவை 1080பி-க்குக் கீழே இறக்க வேண்டாம். இரவில் நொடிக்கு 60 படத்தைவிட 30 படம் மேல். ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். டபிள்யூ.டி.ஆர். அல்லது எச்.டி.ஆர். என்பது இருந்தால் ‘ஆன்’ செய்யுங்கள். எதிர்வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெளுத்துப் போகாமல் இருக்க உதவும். எந்த செட்டிங்கைவிடவும் உதவுவது தெருவிளக்கின் அடியில் நிறுத்துவதும், முன்கண்ணாடியை உள்பக்கம் துடைத்து வைப்பதும்தான்.

தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் நேரம் மெல்ல மெல்ல விலகும். மாதம் ஒருமுறை திருத்துங்கள். ஜிபிஎஸ் உள்ளதில் நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மெமரி கார்டில் ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். செல்போனுக்கு வாங்கும் சாதாரண கார்டு ஓயாத எழுத்தைத் தாங்காமல் விரைவில் கெடும். தேவையானதை எடுத்து வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

நிற்கும்போது ஒலிப்பதிவை நிறுத்தி வையுங்கள். வாடிக்கையாளரும் அக்கம்பக்கத்தாரும் பேசுவது நமக்குத் தேவையில்லை. எதிர்வீட்டு வாசலையே பார்த்திருக்கும்படி நிறுத்துவதையும் தவிர்க்கலாம். வண்டியை ஓட்டும் ஊழியரிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுவதே முறை.

பதிவு கிடைத்தால் என்ன செய்வது?

தென்கொரியாவில் வண்டி கேமராவை ‘பிளாக் பாக்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். நிற்கும் வண்டியை இடித்துவிட்டுத் தன் விவரம் தராமல் போனால் தண்டம் என்று 2017-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-இன்படி, விபத்தில் பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநர், போலீஸ் அங்கே இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். நிற்கும் நம் காரும் சொத்துதான். சரக்கு வண்டியிலிருந்து சரக்கைத் திருடினால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 305-இன்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பணக் கணக்கும் உண்டு. இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு ‘நோ கிளெய்ம் போனஸ்’ 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை கிடைக்கிறது. நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் அது கழியும். யார் இடித்தது என்று தெரியாமல் நசுங்கிய கதவுக்கு நம் பாலிசியில் கிளெய்ம் செய்தால், இந்தச் சலுகை போய்விடும். இடித்த வண்டியின் நம்பர் தெரிந்தால் செலவை அவரிடம் கேட்கலாம்.

பதிவை வழக்குக்குச் சான்றாக வைக்க வேண்டியிருந்தால், அதே நாளில் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம், பிரிவு 63 சொல்லும் சான்றிதழ் தேவைப்படும். அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். முந்தைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் அளித்த தீர்ப்பில், முதலில் பதிவான கருவியையே உரிமையாளர் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று கூறியது. மூலப் பதிவுக்கு உள்ள மதிப்பு இதிலிருந்து விளங்கும்.

ஆகவே சம்பவம் நடந்தது தெரிந்ததும் செய்ய வேண்டியவை:

1. வண்டியைக் கிளப்பும் முன் கார்டைக் கழற்றிவிடுங்கள். ஓட்டினால் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படலாம்.
2. கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கார்டை உறையிலிட்டுத் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கேமராவுக்கு வேறு கார்டு போடுங்கள்.
3. பதிவை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ தரம் குறைந்துவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு கார்டை அழித்துவிடாதீர்கள்.
4. முகத்தையும் நம்பரையும் ஊர் முழுக்கப் பரப்பாமல் புகாரோடு காவல் நிலையத்தில் கொடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

கடைப் பூட்டைப் பூட்டிய பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். கேமராவுக்கும் அந்த வழக்கம் வேண்டும். இன்று இரவு வண்டியை நிறுத்திப் பூட்டுங்கள். பம்பரை ஒருமுறை தட்டுங்கள். வண்டியின் முன்னால் ஒருமுறை நடந்து போங்கள். நாளைக் காலையில் கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்து, நீங்கள் நடந்தது சரியான தேதியோடும் நேரத்தோடும் அதில் இருந்தால் உங்கள் செட்டிங் சரி. இல்லாவிட்டால், இடி விழும் முன்பே குறை தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்து, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.