அழைப்பவர் காதில் என்ன கேட்க வேண்டும்?

தொலைக்காட்சி நேரலையில் நேயர் "ஹலோ" என்றதுமே தொகுப்பாளர் கேட்டுக்கொள்வார்: "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." பாட்காஸ்ட் நடத்துபவர்கள் நேயர்களின் அழைப்பை நேரலையில் எடுக்கத் தொடங்கினால், அந்த வேண்டுகோளின் அருமை முதல் நாளே புரிந்துவிடும். இணைய ஒளிபரப்பு பல நொடிகள் பின்தங்கி வருவது. அதைக் கேட்டுக்கொண்டே பேசும் நேயர், எப்போதோ கேட்கப்பட்ட கேள்விக்கு மறுபடி பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

நேயர் அதை அணைத்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. அவர் குரல் நம் மிக்ஸருக்கு வந்து, அங்கிருந்து அவர் போனுக்கே திரும்பிப் போகலாம். தன் குரல் சற்றே தாமதித்துத் தன் காதில் விழுந்தால் பெரும்பாலோரால் சீராகப் பேச முடியாது. அமெரிக்கரான பெர்னார்ட் லீ 1950-இல் இதை விளக்கி எழுதினார். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் போதும். சரளமாகப் பேசுபவருக்கும் நாக்குத் தடுமாறும்.

இதற்கு ஒலிப்பதிவாளர்கள் கண்ட வழிதான் 'மிக்ஸ் மைனஸ்'. அழைப்பவருக்கு நிகழ்ச்சியின் ஒலி முழுவதும் போகும், அவருடைய குரலைத் தவிர. சாதாரண மிக்ஸரிலேயே இதைச் செய்யலாம். போனுக்கு ஒலி அனுப்ப ஓர் 'ஆக்ஸ்' வெளியீட்டை ஒதுக்கி, தொகுப்பாளர் மைக்கின் ஆக்ஸ் குமிழை ஏற்றி, போன் சேனலின் ஆக்ஸ் குமிழைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். இரண்டு நேயர்கள் ஒரே நேரத்தில் இணைந்தால் ஆளுக்கொரு ஆக்ஸ் தேவை; இல்லாவிட்டால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. 2018-இல் வந்த ரோட்காஸ்டர் புரோ போன்ற கருவிகள் இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. ஆனாலும் குமிழைத் திருப்பி ஒருமுறை செய்து பார்த்தவருக்கே, நேரலையில் எதிரொலி கிளம்பினால் எங்கே கைவைப்பது என்று தெரியும்.

கருவியைவிட முக்கியமானவர் ஒருவர் உண்டு: அழைப்பை முதலில் எடுப்பவர். பெயர், கேள்வி, சிக்னல், இயர்போன் எல்லாவற்றையும் விசாரித்த பிறகே தொகுப்பாளரிடம் இணைப்பார். நேயர்களின் அழைப்புகளால் கலகலத்த அமெரிக்க வானொலி நிகழ்ச்சி 'கார் டாக்' நேரலை போலவே ஒலித்தது. உண்மையில் நேயர்கள் பதிந்துவைத்த செய்திகளிலிருந்து தேர்ந்தெடுத்து, அவர்களைத் திரும்ப அழைத்துப் பதிவு செய்தார்கள். அந்தக் கலகலப்புக்குப் பின்னால் அவ்வளவு பொறுக்கியெடுப்பு இருந்தது.

யாராவது தகாத வார்த்தை பேசினால் வெட்ட, வானொலி நிலையங்கள் ஒலியைச் சில நொடிகள் தாமதித்தே அனுப்புவதுண்டு. அந்த வசதி இல்லாத சிறு பாட்காஸ்ட்டில், அழைப்பைத் துண்டிக்கும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

அழைப்பவர் குரலைத் தனித் தடத்தில் பதிவுசெய்யுங்கள். பின்னர் அத்தியாயமாக வெளியிடும்போது, அவர் பக்கத்துப் பேருந்து ஹாரனைத் தொகுப்பாளர் பேச்சைத் தொடாமலே குறைத்துவிடலாம்.