பொனற்றைத் திறக்க முதல் கீழே குனிந்து பாருங்கள்

எங்கள் வளவில் வேப்பமரத்தடியில் நிற்கிற மொரிஸ் மைனரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "உள்ளுக்கு என்ன எஞ்சின் போட்டிருக்கிறியள்?" டட்சன் 1200 என்றதும் முகம் மலரும், பொனற்றைத் தூக்கச் சொல்வார்கள். நான் முதலில் அவர்களைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்வேன். பழைய காருக்குப் பலமான எஞ்சின் வைக்கிற வேலையில் எஞ்சின் ஒரு சின்னப் பங்கு. பெரிய பங்கெல்லாம் தகட்டிலும் அச்சிலும் பிறேக்கிலும் கிடக்கிறது. எஞ்சினைத் தூக்கி வைப்பதற்குச் செயின் புளொக்கும் நல்ல மரக்கொப்பும் போதும். அது தருகிற வலுவைச் சில்லுவரை கொண்டுபோகவும், பிறகு பத்திரமாக நிற்பாட்டவும்தான் மூளையும் காசும் செலவாகின்றன.

நான் மயிலிட்டியில் பிறந்தவன். படகு எஞ்சின் திருத்துவது தொழில். 1990 ஜூனில் போரால் ஊரோடு வெளிக்கிட்டோம். 2017 ஜூலையில் இராணுவம் துறைமுகத்தையும் அதையொட்டிய காணிகளையும் விட்டபிறகுதான் திரும்பி வரமுடிந்தது. இன்றும் காணி கிடைக்காதவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். வெளிக்கிட்ட நாளில் மயிலிட்டியிலும் பலாலியிலும் வீட்டோடு விட்டுவந்த கார்கள் எத்தனையோ. திரும்பி வந்தபோது வீடுகளே இல்லை, கார்களைப் பற்றிக் கேட்பானேன். நான் திருத்துகிற இந்தக் கார் அந்தக் கார்களில் ஒன்றல்ல. இணுவிலில் ஒரு வீட்டுக் கொட்டிலில், கிடுகுக் குவியலுக்குப் பின்னால் பல வருடம் கிடந்த 1958ஆம் ஆண்டு மைனர் 1000. என்னோடு வேலை செய்கிறவன் அக்காவின் மகன்.

பின்பக்கத்தில் '1 ஸ்ரீ' என்று தொடங்குகிற பழைய இலக்கத்தகடு அப்படியே இருக்கிறது. 1957இல் வாகன இலக்கங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் புகுத்தியபோது தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடிய கார்களைப் பற்றி என் ஐயா கதைகதையாகச் சொல்லுவார். காரின் பதிவு எப்போதும் எங்கள் பக்கத்தில் அரசியலோடு ஒட்டியே வந்திருக்கிறது.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளிவந்தது. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று கடைசி நேரத்தில் அதை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டி நாலு இஞ்சி விலத்தி வைத்துப் பார்த்தார். அந்த அளவே நிலைத்தது. முதலில் செய்த கார்களின் பம்பரில் நடுவில் ஒட்டுத்துண்டு இருப்பதற்குக் காரணம் அதுதான். அவர் மனதில் இருந்தது இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கிற நாலு சிலிண்டர் எஞ்சின். அதைக் கம்பனி கைவிட்டு, பழைய 918 சிசி எஞ்சினை வைத்தது. 1952இல் மொரிசும் ஒஸ்ரினும் ஒன்றாகியபின் ஒஸ்ரினின் 803 சிசி வந்தது, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. ஆகவே இந்தக் காருக்கு எஞ்சின் மாற்றுவதைத் தொடங்கிவைத்ததே அதைச் செய்த தொழிற்சாலைதான். வராமல் போன அந்த அகல எஞ்சினுக்கு விட்ட இடம் இன்றும் பொனற்றுக்குள் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடக்கிறது. எங்களைப்போன்றவர்களுக்கு அது பெரிய கொடை.

எங்கள் காரில் இருந்தது 948 சிசி. புதிதில் 37 குதிரைவலு. கிராங்கைத் தாங்குவது மூன்று பேரிங். அதைப் பலமுறை போர் பண்ணி, இனிப் பண்ண இரும்பில்லாத நிலை. அதற்குப் பதிலாக நாங்கள் எடுத்தது நிசானின் ஏ12. 1970இல் டட்சன் 1200 என்கிற சன்னிக் காரில் வந்தது. 1171 சிசி, ஐந்து பேரிங், தலை அலுமினியம். அன்றைய கணக்கில் 68 குதிரைவலு. இரும்புத் தலையுள்ள பழையதைவிடப் பாரமும் குறைவு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மைனர் பிரியர்கள் வெகுகாலமாகச் செய்துவருகிற மாற்றம் இது. இதில் ஒரு உறவுமுறையும் இருக்கிறது: 1950களில் நிசான் கம்பனி ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, ஜப்பானில் ஒஸ்ரின் கார்களைப் பொருத்தித்தான் நவீன கார் செய்யும் வேலையைப் படித்தது.

யாழ்ப்பாணத்துக்கு இது புது வித்தை இல்லை. ஒஸ்ரின் ஏ40 சோமசெற், கேம்பிறிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்று மற்ற இடங்களில் கைவிட்ட கார்கள் இங்கே வாடகைக் கார்களாக ஓடின. பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட 1990களில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினை இடிக்கும். அதற்காகப் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைப்போம். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும் என்பதால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. உதிரிப்பாகம் வராத அந்தக் காலத்தில் லேத் பட்டறைகளில் கடைந்தெடுத்த பாகங்களில்தான் நோயாளரும் கர்ப்பிணிகளும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். அந்த மெக்கானிக்குகளின் பெயர்களை எங்கேயும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இனி வேலைக்கு வருவோம். மயிலிட்டிக் காற்றில் உப்பு கூடுதல்; கச்சான் காற்றுக் காலத்தில் கண்ணாடியில் படிந்திருப்பதை விரலால் வழித்தெடுக்கலாம். மைனரில் லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிப் படியும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அங்கே கறள் பிடித்தால் காரின் முதுகெலும்பே போய்விட்டதென்று கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கதவைச் சாத்திவைத்துவிட்டு, நடுவில் ஜக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். கதவின் இடைவெளி ஒடுங்கினால், அல்லது கதவு திறக்க மறுத்தால், காரின் உடம்பு வளைகிறது. அதன்பிறகு ஸ்பனரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல தகடு கணீரென்னும், கறள் தின்றது பொத்தென்னும். மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கும். ஸ்குறூ டிறைவரை ஊன்றினால் உள்ளே போய்விடும்.

எங்கள் காரில் பின் வில் தொங்குகிற இரண்டு மூலையும் நடுக் குறுக்குச்சட்டத்தின் இரண்டு நுனியும் போயிருந்தன. அந்த நடுக்குறுக்கில்தான் முன்சில்லுகளைத் தாங்குகிற முறுக்குக் கம்பிகளின் பின்நுனி பூட்டப்பட்டிருக்கிறது. அது விட்டால் முன்பக்கம் கீழே அமர்ந்துவிடும். வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து ஒட்டி, வாசலின் அளவு மாறாதபடி கட்டிவிட்டோம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மற்றப் பக்கத்தில் கை வைத்தோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டிய ஒரு காரைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு எந்தக் கதவும் பொருந்தவில்லை. இந்த ஒட்டுவேலைதான் காலத்தை விழுங்கியது. பார்க்க வருகிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

எஞ்சினோடு அதன் கியர்பொக்ஸையும் சேர்த்தே எடுங்கள். மைனரின் பழைய கியர்பொக்ஸில் முதலாம் கியருக்கு ஒத்திசைவு கிடையாது, கார் முழுதாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். டட்சனில் எல்லாக் கியரும் இலகுவாக விழும். புதிய எஞ்சினைத் தாங்குகிற கால்களைப் பழைய போல்ற் துளைகளிலேயே பூட்டுகிறமாதிரித் தடித்த தகட்டில் செய்தோம். காரின் உடம்பில் வெட்டு இல்லை. நாளைக்கு ஒருவர் பழைய எஞ்சினைத் திரும்ப வைக்க விரும்பினால் வைக்கலாம்; இந்த வயதுக் காருக்கு அந்த மரியாதை செய்யவேண்டும் என்பது என் கொள்கை. எஞ்சினின் ஒயில் தொட்டி ஸ்ரியறிங் றாக்கில் முட்டுகிறதா என்பதையும் எஞ்சின் அசையும்போது வைத்துப் பார்க்கவேண்டும், நிற்கும்போது மட்டும் அல்ல. மைனரின் கிளச் கம்பிகளால் இழுபடுவது; அந்த இணைப்பைப் புதிதாகவே செய்தோம்.

இந்த இடத்தில் படகு வேலை எனக்குக் கைகொடுத்தது. படகில் எஞ்சினின் தட்டும் விசிறித் தண்டின் தட்டும் முகத்துக்கு முகம் பொருந்தவேண்டும். இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டு, மேலே கீழே இடம் வலம் நாலிடத்திலும் ஒரே அளவு வரும்வரை எஞ்சின் காலுக்குக் கீழே தகட்டுத்துண்டு வைப்போம். மயிர் அளவு பிசகினாலும் பேரிங் சூடாகி, தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கிற இடமும் தேய்ந்துவிடும். காரில் கியர்பொக்ஸையும் பின் அச்சையும் இணைக்கிற தண்டின் இரண்டு நுனியிலும் மடங்குகிற மூட்டு இருப்பதால் கொஞ்சம் சரிந்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மடங்கிய மூட்டு ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டுமுறை விரைந்து, இரண்டுமுறை மந்திக்கும். பின் மூட்டும் அதே கோணத்தில் இருந்தால்தான் முன் மூட்டின் குழப்பத்தைப் பின் மூட்டு சரிக்கட்டும். ஆகவே கியர்பொக்ஸின் வால் எவ்வளவு சரிகிறதோ, பின் அச்சின் மூக்கும் அவ்வளவு சரியவேண்டும். அதையும் காரை ஜக்கில் தொங்கவிட்டு அளக்கக்கூடாது. நாலு சில்லிலும் இறக்கி, பின்சீற்றில் ஆள் பாரம் வைத்து அளந்தோம். தண்டை நீளம் சரிபார்த்து லேத் பட்டறையில் வெட்டி ஒட்டி, சுழற்றிச் சமநிலையும் பார்த்துக்கொண்டோம்.

பின் அச்சின் பற்சக்கர விகிதம் 4.55. 37 குதிரைவலு எஞ்சினுக்கு அது சரி. ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர் வேகம் தரும், ஆகவே ஏ9 வீதியில் 80இல் போனால் எஞ்சின் 3,300 சுற்றுச் சுற்றும். டட்சனின் 3.9 அச்சை வைத்தால் அது 2,800 அளவுக்கு இறங்கும். எஞ்சினுக்கும் பெற்றோலுக்கும் காதுக்கும் நல்லது. பழைய அச்சின் உட்தண்டுகள் கூடிய வலுவில் முறியக்கூடியவை என்பதால் அந்த மாற்றத்தையும் செய்கிறோம். வில் உட்காரும் இடங்களை மாத்திரம் புதிதாக ஒட்டவேண்டும்.

பிறேக்குக்கு வந்தால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேகம் 60இலிருந்து 80க்கு ஏறுவது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பிறேக் விழுங்கவேண்டிய சக்தி ஒன்றேமுக்கால் மடங்கு ஏறுகிறது. இந்த மைனருக்கு நாலு சில்லிலும் 7 இஞ்சி ட்றம். மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, கம்பளத்தைத் தூக்கித் தேடவேண்டிய இடத்தில் ஒளிந்திருக்கிறது. நாலு சில்லுக்கும் ஒரே வழி. எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினால் எல்லாம் போச்சு. அதைக் கழற்றிவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள மாஸ்ரர் சிலிண்டரை எஞ்சின் பக்கத்துச் சுவரில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தோம். முன்சில்லுகளுக்கு டிஸ்க். அந்தத் தொகுதியை இலண்டனில் இருக்கிற மைத்துனர் அனுப்பினார். பிரித்தானியாவில் மைனருக்கு இன்னும் பெரும்பாலான பாகங்களைப் புதிதாகச் செய்கிறார்கள். குழாய்கள் செம்பு-நிக்கல் கலவை. இரும்புக் குழாயை எங்கள் உப்புக்காற்று வெளியிருந்து தின்னும்.

பிறேக் குழாய்களில் காற்று எடுக்கும்போது மருமகன் பெடலில், நான் சில்லடியில்.

"மாமா, இன்னும் கீழ இறங்குது."

"காலை எடாதை தம்பி, மிதிச்சபடி இரு."

காற்றுக் குமிழி இல்லாமல் சுத்தமான திரவம் வரும்வரை, தூரத்தில் இருக்கிற சில்லில் தொடங்கிக் கிட்டவுள்ளதில் முடிக்கவேண்டும். அன்றைக்குப் பெடல் பாதியில் கல்லாக நின்றபிறகுதான் எஞ்சினைக் காருக்குள் இறக்கச் சம்மதித்தேன். மருமகனுக்கு அது விளங்கக் கொஞ்சநாள் எடுத்தது, இப்போது வருகிறவர்களுக்கு அவனே விளங்கப்படுத்துகிறான்.

மின்சாரத்தில் ஒரு விடயம் மட்டும்: மைனரில் பற்றறியின் நேர் முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். டட்சனுக்கு எதிர் முனை. மாற்றாமல் பூட்டினால் அல்டர்னேற்றர் அந்தக் கணமே எரியும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கின்றன. மாற்றினால் அறிவித்து, பரிசோதகரிடம் காரைக் காட்டி, புத்தகத்தைத் திருத்தவேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் சிக்கல். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதியில் வாங்கினாலும் சரி, விலை பேச முதல் பத்திரத்தைக் கேளுங்கள். விபத்தென்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் அந்த இலக்கத்தைத்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் கொட்டில்களில் கிடந்த எத்தனையோ பழைய கார்கள் வெளியே வந்தன. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று வாரம் 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களில், சின்னக் காரின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. இப்போது பெடியள் பலர் என்னிடம் வந்து எஞ்சின் மாற்றத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்கட்டும். கையால் வேலை செய்யத் தெரிந்த பரம்பரை இங்கே அறுந்துபோகக்கூடாது.

மருமகனுக்கு இன்னொரு ஆசை மிச்சம் இருக்கிறது: வெளியே தள்ளி நிற்கிற அகலச் சில்லும் அகல ரயரும். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மைனரின் முன்சில்லைத் தாங்குகிற செங்குத்துக் கால், கீழே புரி வெட்டிய ஒரு மூட்டுக்குள் திருகி நிற்கிறது. கிறீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்த புரி ஒருநாள் விட்டுவிட, சில்லு மடிந்து காருக்குக் கீழே போகும். சில்லு வெளியே தள்ளத் தள்ள அந்தப் புரிக்குப் பாரம் கூடும். இரண்டு பக்கத்து மூட்டையும் கழற்றி, ஆட்டம் பார்த்து, புதியதைப் பூட்டியிருக்கிறோம். கிறீஸ் துப்பாக்கி அவன் பொறுப்பு. மாதத்துக்கு ஒருமுறை, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கவேண்டும்.