இறகுப்பந்தும் தவிலும் ஒரே கூரையின் கீழ்

மதுரையில் திறந்தவெளிக்குப் பஞ்சமில்லை. தமுக்கம் இருக்கிறது, ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருக்கிறது, அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறது. கூரையுள்ள இடம் என்றால், தமுக்கத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநகராட்சி கட்டி 2022இல் திறந்த மாநாட்டு மையத்தைச் சொல்லலாம். ஆனால் இன்று கபடி, நாளை இறகுப்பந்து, மறுநாள் திரையிசைக் கச்சேரி என்று ஒரே தரையில் மாறி மாறி நடத்தக்கூடிய பேரரங்கம் வேறு வகை. அதற்குத் தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமான மாதிரி, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சென்னை பெரியமேட்டில் எழுந்த ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம். ஏறத்தாழ 8,000 பேர் அமரலாம். 2017இல் புரோ கபடி அங்கே நடந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழாவும் அங்கேதான். இப்படியொன்று மதுரைக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கைகளையும் கார் நிறுத்துமிடத்தையும் கணக்குப் பார்க்கிறார்கள். அவை எல்லோருக்கும் புரிந்தவை, விட்டுவிடுவோம். அந்த அரங்கு பயன்படுமா பாழாகுமா என்பதைத் தீர்மானிப்பவை கண்ணில் படாத இரண்டு: உள்ளே அடைபட்ட காற்று, உள்ளே அடைபட்ட ஒலி. இரண்டின் தலையெழுத்தும் கூரை வரையப்படும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

மண்டபம் கட்டுவதில் மதுரைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மதுரையின் மண்டபங்கள் தூண்களால் ஆனவை. மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். கல் நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆகவே ஒரு கல்பாவை சில மீட்டருக்கு மேல் நீட்ட முடியாது, அடுத்த தூண் வந்தாக வேண்டும். விளையாட்டரங்கின் முதல் நிபந்தனையோ நடுவில் ஒரு தூண்கூட இருக்கக் கூடாது என்பது. அறுபது, எண்பது மீட்டர் இடைவெளியை எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துத் தாண்டுகிறார்கள். நியூயார்க் நகரின் நடுவே, ரயில் நிலையத்தின் தலைக்கு மேலேயே 1968இல் திறந்த மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூரை எஃகு வடங்களில் தொங்குகிறது. இந்தக் கூரைகள் தம் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. பெரிய கச்சேரி ஒன்றில் ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் திரைகளுமாகப் பல டன் சுமையை அதில் தொங்கவிடுவார்கள். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காத கூரையில் பிறகு சேர்க்க இயலாது. கூரைக் கணக்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரம் சாட்சி. 1978 ஜனவரி 18 அதிகாலையில் அந்த ஊர் அரங்கின் கூரை பனிச்சுமையில் அப்படியே கீழே விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்னர்தான் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கட்டும்போதே கூரை கணக்குக்கு மேல் தொய்வது தெரிந்திருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை.

இனிக் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 8,000 பேர் என்றால் 800 கிலோவாட். இந்த வெப்பத்தை மட்டும் வெளியேற்றவே வீடுகளில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி 150 வேண்டும். மதுரையின் மே மாத வெயிலில் கொதித்த கூரை, விளக்குகள், வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் காற்று ஆகியவற்றின் கணக்கு தனி. இத்தனை வெப்பத்தையும் ஏராளமான குளிர்காற்றை வேகமாக ஊதித் தள்ளிவிடலாம்; கச்சேரிக்கு அது போதும். கபடிக்கும் போதும். இறகுப்பந்துக்கு அது நஞ்சு. 16 இறகுகளும் ஒரு தக்கைத் தலையும் கொண்ட அந்தப் பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 ஏப்ரலில் கின்னஸ் சோதனையில் அதை மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தார். ஆனால் அந்த வேகம் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். உயரத் தூக்கி அடித்த பந்து இறங்கும்போது அது காற்றின் கையில் இருக்கிறது. நொடிக்குக் கால் மீட்டர் மட்டுமே நகரும் காற்று, முகத்தில் உறைக்காத அளவு மெல்லிய காற்று, இரண்டு நொடி மிதக்கும் பந்தை ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளிவிடும். கோட்டுக்கு உள்ளே விழ வேண்டியது வெளியே விழும். அதனால்தான் உலக அளவிலான வீரர்கள் ஒரு பக்கத்தில் ஆடும்போது அடியைக் குறைத்தும் பக்கம் மாறியதும் கூட்டியும் ஆடுகிறார்கள். கென்சோ டாங்கே வடிவமைத்து 1989இல் திறந்த சிங்கப்பூர் உள்ளரங்கில் கச்சேரியும் உண்டு, உலகத்தர இறகுப்பந்துப் போட்டியும் உண்டு. அங்கே ஆடுபவர்கள் அடிக்கடி பேசுவது இந்தக் காற்றைப் பற்றித்தான்.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. மேலிருந்து வேகமாக ஊதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் சிறு துளைகள் வழியே, அதிகம் குளிராத காற்றை மெதுவாகக் கசியவிடலாம். பார்வையாளரின் உடல் சூடே அந்தக் காற்றைச் சூடாக்கி மேலே தூக்கிச் செல்லும். கூரையடியில் உறிஞ்சி வெளியே தள்ளிவிடலாம். ஆடுகளத்தின் மேல் உள்ள காற்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இருபது மீட்டர் உயரமுள்ள அரங்கில் மனிதர்கள் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் குளிர்வித்தால் போதும் என்பதால் மின்செலவும் குறைகிறது. காற்றைக் கீழேயே குளிர்விக்கும் எண்ணம் இந்த ஊருக்குப் பழையது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென எழுப்பிய புதுமண்டபத்தைச் சுற்றி நீர் நிற்க அகழி போன்ற வாய்க்கால் அமைத்திருந்தார்கள். ஆனால் இருக்கைப் படிகளுக்குக் கீழே காற்று போக வெற்றிடம் விட்டுத்தான் கான்கிரீட் போட வேண்டும். கட்டி முடித்தபின் இதைச் சேர்க்க வழியில்லை.

ஒலியின் கதை இன்னும் சுவையானது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக்கூடம் பயனற்றுப்போனது. அங்கே சொன்ன ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆனது. அதற்குள் அடுத்த பத்து சொற்கள் அதன் மேல் ஏறிக்கொண்டன. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக்கடிகாரம், தன் காது. அக்கம்பக்கத்து ஓசை அடங்கிய நள்ளிரவில், அருகிலிருந்த சாண்டர்ஸ் நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து கூடத்தில் அடுக்குவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் மறையும் நேரத்தைக் குறிப்பார். இன்னும் சில மெத்தைகளை வைத்து மறுபடியும் அளப்பார். விடிவதற்குள் அத்தனையையும் திருப்பி வைத்தாக வேண்டும். ஒலி உறிஞ்சலுக்கு உலகில் முதலில் கிடைத்த அலகே அந்த நாடக அரங்கின் மெத்தைதான். தான் உடுத்தியிருக்கும் துணியும் ஒலியை உறிஞ்சி அளவைப் புரட்டுகிறது என்று கண்டபோது, அதுவரை எடுத்த அளவுகளைத் தள்ளிவிட்டு, ஒரே உடையில் எல்லாவற்றையும் மீண்டும் எடுத்தார். அந்த உழைப்பில் விளைந்த சூத்திரம் மிக எளியது: அரங்கின் கன அளவு கூடினால் ஒலி அடங்க ஆகும் நேரம், அதாவது எதிர்முழக்கம், நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தச் சூத்திரத்தின்படி கட்டப்பட்டது.

அதே சூத்திரத்தை மதுரையில் ஒரு கற்பனை அரங்குக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 80 மீட்டர், அகலம் 60, உயரம் 20. சுவர் வெறும் கான்கிரீட், கூரை வெறும் தகடு. இவை தம்மேல் விழும் ஒலியில் 5 விழுக்காட்டைத்தான் விழுங்கும் என்று கொண்டால், ஒரு கைதட்டல் முழுதாக அடங்க ஏறத்தாழ 20 நொடி. பயிற்சியாளர் ஒரு விசில் ஊதிவிட்டு அடுத்த விசிலுக்குள் ஒரு பாட்டின் பல்லவியையே பாடி முடித்துவிடலாம். இப்போது 8,000 பேரை உள்ளே விடுவோம். உடலும் உடையும் ஒலியை நன்றாக விழுங்கும். 20 நொடி மூன்றரை நொடியாகச் சுருங்கிவிடும். அதாவது கூட்டமும் அந்தக் கட்டடத்தின் ஓர் உறுப்பு. அதை வெப்பமாக்குவதும் கூட்டம், அதன் ஒலியை அடக்குவதும் கூட்டம். ஆனால் கூட்டத்தை நம்பிக் கட்டிய அரங்கு, கூட்டம் இல்லாத நாளில் பயன்படாது. அதே அரங்கில் கூரையின் உட்பக்கம் முழுக்கத் துளையிட்ட தகட்டையும் அதன் பின்னால் கனமான ராக்வூல் (பாறையிழை) படுகையையும் வைத்தால், காலி அரங்கிலேயே முழக்கம் 4 நொடிக்கு வந்துவிடும். கூட்டம் நிறைந்தால் இரண்டு நொடி. அந்த ஒரு படுகை கிட்டத்தட்ட எட்டாயிரம் பேருக்குச் சமமாக ஒலியை விழுங்குகிறது.

அந்தப் படுகையின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய திரையும் அலங்காரப் பலகையும் விசில் போன்ற கீச்சு ஒலிகளை மட்டுமே அடக்கும். தவிலின் தொப்பி ஒலியும் கச்சேரி ஒலிபெருக்கியின் அடித்தள அதிர்வும் நீண்ட அலைகள். அவை மெல்லிய பொருளைச் சட்டை செய்வதில்லை. மனித உடல்களும் அவற்றை அதிகம் உறிஞ்சுவதில்லை. ஆழமான படுகையும் அதன் பின்னே காற்று இடைவெளியும்தான் அவற்றை அடக்கும். பாட்டின் வரிகள் புரியாமல் வெறும் இரைச்சலாகக் கேட்கிறதென்றால், பல சமயம் குற்றம் பாடகருடையதோ ஒலிபெருக்கி வைத்தவருடையதோ அல்ல. அடங்க மறுக்கும் அந்த அடித்தள ஒலியுடையது. இதே படுகை வெயிலின் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தடுக்கும். ஐப்பசி மழை தகட்டுக் கூரையில் பறையடிப்பதையும் அடக்கும். ஒரு பொருள், மூன்று வேலை. இருந்தும், மதிப்பீட்டைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டு விழுவது இதில்தான், ஏனென்றால் திறப்பு விழாப் புகைப்படத்தில் அது தெரியாது. முகப்பில் கண்ணாடியும் வாசலில் கிரானைட்டும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே அரங்கு என்றால் எதற்கும் உருப்படியாக ஆகாது என்று இசை அறிந்தவர்கள் சொல்வார்கள். ஒரு பாதி உண்மை. ஒலிவாங்கி இல்லாத வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் சிறிய, மரம் போர்த்திய கூடம்தான் ஏற்றது. அதைப் பேரரங்கில் தேடக் கூடாது. நாதஸ்வரமும் தவிலும் மாசி வீதிகளின் திறந்த காற்றுக்காக வளர்ந்த வாத்தியங்கள். அவற்றை நான்கு கான்கிரீட் சுவர்களுக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கல்யாண மண்டபங்களில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒலிபெருக்கி வழியே வரும் இசைக்கும், நடுவரின் அறிவிப்புக்கும், பயிற்சியாளரின் குரலுக்கும் தேவை ஒன்றே: குறுகிய முழக்கம். இந்த வகையில் விளையாட்டும் திரையிசையும் பகையாளிகள் அல்ல. காற்றில்தான் அவை மோதுகின்றன. அதற்கு இருக்கையடிக் காற்று விடை.

நிலம் மலிவான புறநகரில் கட்டலாமே என்பது அடுத்த கேள்வி. ஏறுதழுவுதலுக்கு வாடிவாசலும், காளைகளை ஏற்றிவரும் வண்டிகள் நிற்க வெட்டவெளியும் வேண்டும்; கீழக்கரை அதற்குச் சரி. இரவு பத்து மணிக்கு ஒரே நேரத்தில் வெளியே வரும் 8,000 பேரின் கதை வேறு. பேருந்துக்கு 60 பேர் என்றாலும் 130 பேருந்துக்கு மேல் வேண்டும். நகருக்குள் அரங்கு இருந்தால் பாதிப் பேர் நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் கலைந்துவிடுவார்கள். கோரிப்பாளைய நெரிசலைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. சித்திரையில் அழகரை எதிர்கொள்ளத் தல்லாகுளத்திலும் வைகையிலும் லட்சக்கணக்கானோர் கூடிக் கலைவதைக் கையாளத் தெரிந்த ஊர் இது. அழகர் வரும் நாட்களில் நிகழ்ச்சி இல்லை என்று நாட்காட்டியிலேயே எழுதிவைத்தால் போதும்.

மிகக் கனமான ஆட்சேபம் இது: ஆண்டில் பத்து நாள் விழாவுக்காக இத்தனை செலவா, மிச்ச நாளெல்லாம் பூட்டிக் கிடக்காதா? பெருங்கூட்டத்துக்கு மட்டும் கட்டினால் பூட்டித்தான் கிடக்கும். பிறகு மூட்டைகள் அடுக்கும் கிடங்காகும். அரசு விழாவுக்கு இரும்பு நாற்காலிகளை இழுத்து மரத்தரையைக் கீறுவார்கள். அப்புறம் அந்தத் தரையில் எந்தப் பிள்ளையும் கால் வைக்க முடியாது. பொதுச் சொத்தை இப்படி வீணடிப்பது நமக்குப் பழகிப்போனது வருத்தத்துக்குரியது. அதற்கு மருந்து, காலி அரங்கில் காலை ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்பதை முதலில் யோசிப்பது. மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, பிரேசிலில் 2022 மே மாதம் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றவர். அப்படிப்பட்டவர்கள் இன்னும் வர வேண்டுமென்றால், கூட்டமே இல்லாத விடியற்காலையில், அசையாத காற்றில், பேசினால் புரிகிற கூடத்தில் தினமும் ஆடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆண்டில் 300 காலைகள் அப்படிப் பயன்படும் அரங்கை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே மதுரையில் இப்படியோர் அரங்குக்கு டெண்டர் விடும் நாளில், மாநகராட்சியும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இருக்கை எண்ணிக்கையோடு மூன்று எண்களையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்: காலி அரங்கின் எதிர்முழக்க நேரம், நிறைந்த அரங்கின் எதிர்முழக்க நேரம், ஏசி முழு அளவில் ஓடும்போது ஆடுகளத்தின் மேல் காற்றின் வேகம். மூன்றையும் வெளியாரைக் கொண்டு அளந்து காட்டிய பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை போக வேண்டும். மாமன்றத்தில் கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் முகப்பின் படத்தை ஒதுக்கிவைத்து இந்த எண்களைக் கேட்கட்டும்.