எழுத்தாளர்கிட்ட நேரா கேள்வி கேட்கணுமா? கோட்டூர்புரம் போங்க... டிக்கெட் கிடையாது!

சென்னை:

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்றாலே, அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கான இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எழுத்தாளர்கள் நேரில் வந்து பொதுமக்களிடம் பேசும் நிகழ்ச்சியும் அங்கே நடத்தப்பட்டு வருகிறது. அதன் பெயர் ‘பொன்மாலைப் பொழுது’.

என்ன நடக்கும்?

வார இறுதி நாளில், சாயங்கால நேரத்தில் நடப்பது வழக்கம். எழுத்தாளரோ, கலைஞரோ, வேறு துறையில் பெயர் எடுத்தவரோ சிறப்பு விருந்தினராக வருவார். முதலில் அவர் பேசுவார். பிறகு மைக் கூட்டத்தின் பக்கம் வரும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அனுமதி இலவசம்.

‘நமக்கெதுக்கு இதெல்லாம்?’

‘நாம என்ன படிச்சிருக்கோம், அங்கே போய் என்னத்த கேட்கிறது?’ என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயக்கமே வேண்டாம். தமிழில் பேர் வாங்கிய எழுத்தாளர்கள் பலர் உழைக்கிற வீட்டில் இருந்து வந்தவர்கள்தான்.

ஞானபீட விருது வாங்கிய ஜெயகாந்தன் பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர். அச்சகம் உட்பட பல இடங்களில் வேலை பார்த்துப் பிழைத்தவர். பெருமாள்முருகனின் அப்பா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தார். அந்த தியேட்டர் வாழ்க்கையைத்தான் மகன் ‘நிழல்முற்றம்’ என்று நாவலாக்கினார்.

‘விசாரணை’ படம் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலக்கதையான ‘லாக்கப்’ நாவலை எழுதியவர் கோவை ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார். ஆந்திராவில் போலீசிடம் தான் பட்ட அடியைத்தான் அவர் புத்தகமாக எழுதினார். 2006-ல் புத்தகம் வந்தது. 2015-ல் வெனிஸ் திரைப்பட விழா வரைக்கும் அந்தக் கதை போனது.

கிணற்றடி கூட்டம்

இப்படிப்பட்ட சந்திப்புக்கு பெரிய கட்டிடம்தான் வேண்டும் என்றில்லை. மறைந்த எழுத்தாளர் ஞாநி, கே.கே.நகரில் தன் வீட்டுக் கிணற்றடியிலேயே மாதாமாதம் கூட்டம் நடத்தினார். பெயரே ‘கேணி’. 2009-ல் தொடங்கிய அந்தக் கூட்டத்தில் பெரிய எழுத்தாளர்களும் வாசகர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 2018-ல் ஞாநி காலமானார்.

தனி மனிதர் நடத்தினால் அவரோடு முடிந்துவிடும். அரசு நூலகம் என்றால் அது பொதுச்சொத்து. அதனால்தான் இந்த இடம் முக்கியம்.

கைவிட்டுப் போக இருந்தது

ஆனால் இந்த இடமே இல்லாமல் போயிருக்க வேண்டியது. 2010 செப்டம்பர் 15-ந்தேதி அப்போதைய முதல்வர் கருணாநிதி இதைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. நூலகத்தை நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றி, இந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தது. பொதுமக்கள் தரப்பில் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. 2012-ல் அரங்கத்தைக் கல்யாண நிகழ்ச்சிக்கு விட்டதும் சர்ச்சையாகி கோர்ட்டு வரைக்கும் போனது.

வழக்கு போட்டு காப்பாற்றிய இடம் இது. நாற்காலி காலியாகக் கிடந்தால், நாளைக்கு ‘யார் வர்றா இங்கே?’ என்று கேட்பது சுலபம். கூட்டம் வந்துகொண்டே இருந்தால் எந்த ஆட்சியும் அவ்வளவு லேசில் கை வைக்க முடியாது.

போகிறவர்கள் கவனத்துக்கு

* வேளச்சேரி பறக்கும் ரெயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நூலகம் காந்தி மண்டபம் சாலையில் இருக்கிறது.

* பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு பிரெய்ல் பிரிவும் உண்டு.

* வருகிறவரின் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு சிறுகதையாவது படித்துவிட்டுப் போனால் கேள்வி தானாக வரும்.

* கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். மற்றவர்களுக்கும் மைக் போகணும் இல்லையா?

* எல்லா வாரமும் நடக்கும் என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். யார் வருகிறார், எத்தனை மணிக்கு என்று நூலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.